கேரவனுக்குப் பின்னால் காரைக் கட்டிக்கொண்டு ராமேஸ்வரம் வரலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுவோம். ஏழு மீட்டர் நீள வேன் ஒன்றைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கிறீர்கள். நீங்கள், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா என்று ஆறு பேர். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக இறங்கி, தொண்டி, தேவிபட்டினம், ராம்நாடு, கீழக்கரை, ஏர்வாடி, மண்டபம், ராமேஸ்வரம், தனுஷ்கோடி என்று பன்னிரண்டு நாள் சுற்றத் திட்டம். டெக்சாஸில் இருக்கும் உங்கள் மைத்துனர் தன் மோட்டார் ஹோமுக்குப் பின்னால் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார். அதே மாதிரி உங்கள் ஆல்டோவை இழுத்து வரலாமா, இல்லை இங்கே வந்து வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமா?

இழுத்து வர வேண்டாம். பன்னிரண்டு நாளும் வாடகைக் காரும் வேண்டாம். உங்களுக்குச் சின்ன வண்டி தேவைப்படப்போவது மூன்றே நாள்.

ராம்நாடு பைபாஸ் ஓரத்தில் முப்பது வருஷம் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவன் நான். மதுரை ரோட்டிலும் ராமேஸ்வரம் ரோட்டிலும் நின்றுபோன வண்டிகளைக் கட்டி இழுத்து வந்ததுதான் என் பிழைப்பில் பாதி. மகள் டெக்சாஸில் இருந்தபோது ஆறு மாதம் போய் இருந்து, அவர்கள் பக்கத்து வீட்டுக்காரரின் மோட்டார் ஹோமில் இரண்டு வாரம் சுற்றியும் பார்த்தேன். அங்கே நடக்கிற காரியம் இங்கே ஏன் நடக்காது என்பதைச் சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கதவு சாத்தியிருக்கும்போது மற்றதைப் பேசி என்ன?

நம் ஊர்ச் சட்டப்படி ஒரு மோட்டார் வண்டி இன்னொன்றை இழுக்கலாம் என்றால், இழுபடுவது பழுதாகி நின்ற வண்டியாக இருக்க வேண்டும், அல்லது முழுதாகப் பூட்டி முடிக்காத வண்டியாக, பதிவு பெற்ற டிரெய்லராக, சைடு காராக இருக்க வேண்டும். 1989இல் வந்த சாலை ஒழுங்குமுறைகளில் இது தெளிவாக இருந்தது. இழுபடும் வண்டியின் ஸ்டியரிங்கில் லைசென்ஸ் உள்ள ஆள் உட்கார வேண்டும், இல்லையென்றால் முன்சக்கரங்கள் தரையில் படாமல் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. பின்னால் வெள்ளைப் பலகையில் 75 மில்லிமீட்டர் உயரக் கறுப்பு எழுத்தில் ‘ஆன் டோ’ என்று எழுதித் தொங்கவிட வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இவையெல்லாம் அந்த 1989 ஒழுங்குமுறைகளில் இருந்தவை. 2017இல் இதற்குப் பதிலாகப் புது ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் வந்தன; நின்றுபோன வண்டியைப் பக்கத்து ஒர்க்‌ஷாப் வரை கொண்டுசேர்க்கத்தான் இழுவை என்ற அடிப்படை அதிலும் மாறவில்லை. நன்றாக ஓடுகிற ஆல்டோவைச் சென்னையிலிருந்து கட்டி இழுத்து வருவது இதில் எந்த வகையிலும் சேராது. கேரவன் முழுக்கத் தனியார் உபயோகத்துக்கான கேம்பர் வேனாகப் பதிவாகியிருந்தாலும் இதே கதைதான். மரக்காணத்தில் ஒரு போலீஸ்காரர் விட்டாலும் வேதாரண்யத்தில் இன்னொருவர் நிறுத்துவார். நிறுத்துவதுகூடப் பரவாயில்லை. ஏதாவது இடித்துவிட்டால், இன்சூரன்ஸ்காரர் கேட்கிற முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது.

அமெரிக்காவில் ஏன் செய்கிறார்கள்? அங்கே மோட்டார் ஹோம் ஒரு நகரும் வீடு. கேம்ப் கிரவுண்டில் போய் நின்றதும் கரண்ட் ஒயரைச் சொருகி, தண்ணீர்க் குழாயை மாட்டி, கழிவு நீர்க் குழாயை இறக்கி, சில வண்டிகளில் பக்கச் சுவரையே வெளியே தள்ளி அறையை அகலமாக்கிக்கொள்கிறார்கள். அதன் பிறகு பால் வாங்க வேண்டுமென்றால் இவ்வளவையும் கழற்றி மடக்க வேண்டும். கடையோ பதினைந்து மைல் தள்ளி இருக்கும். ஆட்டோ கிடையாது, டவுன் பஸ் கிடையாது. சின்ன ஊர்களில் வாடகைக் கார் ஆபீஸ் இருந்தால் அதிர்ஷ்டம், அதுவும் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தால் பெரிய அதிர்ஷ்டம். அதனால்தான் பின்னால் ஒரு காரைக் கட்டிக்கொள்கிறார்கள். செல்லமாக அதற்கு ‘டோட்’ என்று பெயர். இழுபடுவது என்ற சொல்லும் தவளை ஜாதியான தேரையின் பெயரும் அவர்கள் வாயில் ஒரே மாதிரி ஒலிக்கும் என்பதால் வந்த வேடிக்கை. யானைக்குப் பின்னால் தேரை தாவுகிற மாதிரிதான் அதுவும் இருக்கும்.

எல்லாக் காரையும் அப்படி இழுக்க முடியாது என்பதை உங்கள் மைத்துனர் சொல்லியிருக்க மாட்டார். நான்கு சக்கரமும் தரையில் உருள இழுப்பதற்கு, காரோடு வரும் கையேட்டிலேயே அனுமதி இருக்க வேண்டும். ஜீப் ராங்ளரில் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, அதாவது டிரான்ஸ்ஃபர் கேஸை, நியூட்ரலில் போட்டுவிட்டால் கியர் பாக்ஸ் சுற்றாது, அதனால் அங்கே அதற்குத் தனி மவுசு. ஹோண்டா சி.ஆர்.வி.யை 2014 மாடல் வரைக்கும் இழுக்கலாம் என்று இருந்தது. அதற்கும் எஞ்சினை ஓடவிட்டு, கியரை வரிசையாக மாற்றி, மூன்று நிமிடம் நியூட்ரலில் வைத்து அணைக்கிற ஒரு சடங்கு உண்டு. அடுத்த வருஷம் சி.வி.டி. என்ற வேறு வகை ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் வந்தது, அத்தோடு அனுமதி போய்விட்டது. முன்சக்கரத்தை மட்டும் ஏற்றிக்கட்டும் ‘டாலி’ என்ற இரண்டு சக்கர இழுவை வண்டியும் இருக்கிறது. காரின் அடியில் போல்ட் போடும் தகடு, இழுவைத் தண்டு, பின்விளக்கு ஒயரிங், இழுபடும் காரின் பிரேக்கைத் தானாக மிதிக்கும் கருவி என்று எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் டாலர் ஆகிவிடும். வருஷத்தில் நாலைந்து மாதம் சாலையிலேயே குடியிருந்து, இரண்டு நாளுக்கு ஒரு ஊர் மாறுகிறவர்களுக்கு அந்தச் செலவு கட்டும். வருஷத்துக்கு ஒரு பயணம், இரண்டே இடத்தில் வாரக்கணக்கில் தங்கல் என்றால் அங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் வாடகைக் கார்தான் எடுக்கிறார்கள்.

இந்த கியர் பாக்ஸ் விஷயத்தில் எனக்கே ஒரு சூடு உண்டு. பதினைந்து வருஷம் இருக்கும். பாம்பனில் ஒரு வெளியூர்க் கார் நின்றுபோனது. ஆட்டோமேட்டிக் கியர். அப்போது இந்தப் பக்கம் அந்த மாதிரி வண்டி அபூர்வம். நியூட்ரலில்தானே இருக்கிறது என்று என் ஜீப்பில் டோ செயின் போட்டு, அந்தக் காரின் ஸ்டியரிங்கில் பையன் ஒருவனை உட்காரவைத்து, ராம்நாட்டுக்கு இழுக்க ஆரம்பித்தேன். நாற்பது கிலோமீட்டருக்கு மேல். உச்சிப்புளி தாண்டியதும் பையன் ஹாரன் அடித்தான். இறங்கிப் போனால் கருகிய வாடை, வெல்லப் பாகு தீய்ந்தால் வருமே, அப்படி. அந்த வகைப் பெட்டியில் எண்ணெயை ஏற்றி இறைக்கிற பம்பைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றிருக்க, சக்கரம் மட்டும் உருண்டால், உள்ளே பல்லும் தட்டும் எண்ணெய் இல்லாமல் காய்ந்து உரசும். வடித்துப் பார்த்தபோது சிவப்பாக வரவேண்டிய எண்ணெய் காப்பி டிகாஷன் மாதிரி வந்தது. தப்பு என்னுடையது, செலவில் பாதியைக் கொடுத்தேன். உங்கள் ஆல்டோ கையால் கியர் போடுகிற வண்டி என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் இந்தச் சேதம் அவ்வளவு சீக்கிரம் வராது. ஆனாலும் சென்னையிலிருந்து இரண்டு நாள் தொடர்ந்து இழுக்கலாம் என்று அதன் கையேட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

அப்படியானால் பதிவு செய்த டிரெய்லர் வாங்கி, காரை அதன் மேல் ஏற்றி வரலாமே என்று அடுத்து கேட்பீர்கள். சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஆல்டோ சுமார் முக்கால் டன், டிரெய்லர் தன் பங்குக்கு அரை டன். ஏற்கெனவே கட்டில், தண்ணீர்த் தொட்டி, பேட்டரி, ஏசி, ஆறு பேர் என்று சுமக்கிற வேனுக்குப் பின்னால் இன்னும் ஒண்ணேகால் டன். அந்த வேனின் சேஸிஸ் இழுப்பதற்கென்று செய்ததல்ல. கொக்கியை எந்த லேத் பட்டறையிலும் வெல்டு வைத்துக் கொடுத்துவிடுவார்கள், நானே வைத்துக் கொடுப்பேன். கொக்கி தாங்கும். பிரேக்குக்கு யார் பொறுப்பு? 40 கிலோமீட்டர் வேகத்துக்கும் 60க்கும் பார்க்க வித்தியாசம் கொஞ்சம்தான், நிறுத்த வேண்டிய வேகச் சக்தியோ இரண்டேகால் மடங்கு. ஆடு குறுக்கே வந்து நீங்கள் பிரேக்கை மிதிக்கும்போது, பின்னால் இருப்பது நிற்காமல் உங்களைத் தள்ளும்.

ஆடு என்று சும்மா சொல்லவில்லை. தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை வருகிற சாலையை ஒருமுறை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ஊருக்கு முன்னாலும் வேகத்தடை. வளைவுக்கு முன்னால் போலீஸ் வைத்திருக்கிற இரும்புத் தடுப்புகள், இடது பக்கம் ஒன்று, பத்தடி தள்ளி வலது பக்கம் ஒன்று. தனி வண்டி பாம்பு மாதிரி வளைந்து போய்விடும். ஏழு மீட்டர் வேனும் அதன் பின்னால் ஐந்து மீட்டர் வாலும் சேர்ந்து வளையும்போது, வால் உள்பக்கமாகத்தான் வெட்டி வரும், தடுப்பை வாரிக்கொண்டு போகும். அப்போது ரிவர்ஸ் எடுக்க வேண்டும். இங்கேதான் முக்கியமான சங்கதி: காரை நேரடியாகக் கட்டி இழுக்கிறபோது ரிவர்ஸே கிடையாது. பின்னால் தள்ளினால் காரின் முன்சக்கரங்கள் தன் இஷ்டத்துக்கு ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு, இழுவைத் தண்டை வளைத்துவிடும். டெக்சாஸில் ஒரு பெட்ரோல் பங்கில் தவறான வரிசையில் நுழைந்துவிட்டு, அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நட்டநடுவில் காரைக் கழற்றி, தனியாக ஓட்டி, பிறகு மறுபடி மாட்டியதை நான் நின்று பார்த்தேன். இருபது நிமிடம். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. நம் ஊர் பங்கில் அதைச் செய்து பாருங்கள்.

பாம்பன் பாலம் வேறு இருக்கிறது. 1988இல் திறந்த சாலைப் பாலம், ஏறக்குறைய 2.3 கிலோமீட்டர், இரண்டு வழிதான். பக்கத்தில் ரயில் பாலத்தைப் பார்ப்பதற்கென்றே பாதிப் பேர் நடுப்பாலத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நிற்பார்கள். கூடாது என்று போர்டு இருக்கும், நிற்பார்கள். 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்த பிறகு அந்தக் கூட்டம் இன்னும் கூடித்தான் இருக்கிறது. காற்றோ கேட்கவே வேண்டாம். பழைய ரயில் பாலம் ஓட்டத்தில் இருந்தபோது காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே விடவில்லை. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் உயரமான வேனின் பக்கச் சுவரில் அது மோதுவதை ஸ்டியரிங்கில் உணரலாம். நீங்கள் வரப்போவது தை மாதம், அவ்வளவு இருக்காது. ஆனாலும் அந்தப் பாலத்தின் நடுவில் வாலோடு மாட்டிக்கொண்ட வண்டியைக் கற்பனை செய்யக்கூட எனக்குப் பிடிக்கவில்லை.

தனுஷ்கோடியைப் பற்றித்தான் கொஞ்சம் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் ஏமாறுவது அங்கேதான். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் பல வருஷம் சாலையே இல்லை, மீன்காரர்களின் வேன் மணலில் தத்தித் தத்திப் போகும். இப்போது அரிச்சல்முனை வரை ஒன்பதரை கிலோமீட்டர் தார்ச்சாலை, 2017இல் திறந்தது. ஒரு பக்கம் வடகடல் குளம் மாதிரி கிடக்கும், மறுபக்கம் தென்கடல் உறுமும். சாலை நன்றாக இருப்பதால் ஓரமும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். தாரை விட்டு ஒரு முழம் இறங்கினால் வெறும் மணல். நாலைந்து வருஷம் முன்னால் ஒரு டெம்போ டிராவலர் எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட இடது பக்கம் ஒதுங்கி, பின் இடது ஜோடிச் சக்கரம் மணலில் இறங்கிவிட்டது. டிரைவர் பதறி ஆக்ஸிலேட்டரை மிதித்தார். மிதிக்க மிதிக்க மணல் பின்னால் பீச்சியடித்தது, சக்கரம் கிணறு தோண்டிக்கொண்டு அச்சு வரை போனது. என்னைக் கூப்பிட்டார்கள். போனதும் முதல் வேலையாக எஞ்சினை அணைக்கச் சொன்னேன். எல்லாரையும் இறக்கிவிட்டு, அந்தச் சக்கரங்களின் காற்றைப் பாதியாகக் குறைத்து, டயருக்கு முன்னால் கையாலேயே சரிவாக மணலை அள்ளினோம். பக்கத்துக் குடிசையில் கேட்டு வாங்கிய கிழிந்த மீன்வலையை நாலாக மடித்து டயருக்கு அடியில் திணித்தோம். முதல் கியரில், கிளட்சை மெல்ல விட்டு, உறுமாமல் ஏற்றினார். வலையைக் கவ்விக்கொண்டு வண்டி மேலே வந்துவிட்டது. அதன் பின்னால் ஒரு ஆல்டோ மாட்டியிருந்தால் அன்றைக்கு ஜே.சி.பி.தான் கூப்பிட்டிருக்க வேண்டும்.

சரி, சின்ன வண்டி எதற்கு, எத்தனை நாள்? நீங்கள் எழுதியிருக்கிற ஊர்களில் பெரும்பாலானவற்றுக்குக் கேரவனே போகும். தேவிபட்டினம் நவபாஷாணத்துக்கு டூரிஸ்ட் பஸ் போகிறது, உங்கள் வேன் போகாதா? உத்தரகோசமங்கைக்கும் அப்படியே. திருப்புல்லாணியில் பெருமாளைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டரில் சேதுக்கரை. அமாவாசை தவிர மற்ற நாளில் நிறுத்த இடத்துக்குப் பஞ்சமில்லை. சாலையோரச் சீமைக்கருவேலம் மட்டும் உங்கள் வண்டியின் பெயின்டைக் கோலம் போடும், அதற்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். கூரையில் ஏசி பெட்டி இருந்தால் தரையிலிருந்து மொத்த உயரத்தை அளந்து டாஷ்போர்டில் ஒட்டி வையுங்கள். கிராமத்துத் தோரண வாயிலும் தொங்குகிற கரண்ட் ஒயரும் உங்களை விசாரித்துவிட்டு வழிவிடாது.

கேரவன் சரிப்படாத இடங்கள் மூன்று. கீழக்கரையின் உள்தெருக்கள், பழைய பள்ளிவாசல் பக்கம் எல்லாம் ஆட்டோவே ஒதுங்கித்தான் போகும். அங்கிருந்து ஏர்வாடி தர்காவையும் சேர்த்து ஒரே நாளில் காரில் பார்த்துவிடலாம். அடுத்தது ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றிய வீதிகள். பெரிய வண்டிகளை ஊருக்கு வெளியே உள்ள பார்க்கிங்கில் நிறுத்திவிட்டு ஆட்டோவில்தான் போக வேண்டியிருக்கும். மூன்றாவது தனுஷ்கோடி. வார நாளில் காலையில் கேரவனை ஓட்டிப் போக முடியாது என்றில்லை. ஆனால் அரிச்சல்முனையில் அசோகத் தூணைச் சுற்றித் திரும்புகிற இடத்தில் சனி, ஞாயிறு கூட்டத்தைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

ஆக மூன்று நாள். கணக்கைப் பாருங்கள். உள்ளூர்ப் பேக்கேஜ் பெரும்பாலும் எட்டு மணி நேரம், 80 கிலோமீட்டர். ராம்நாட்டிலிருந்து கீழக்கரை, ஏர்வாடி போய் வந்தால் அதற்குள் அடங்கிவிடும். மண்டபத்தில் தங்கிக்கொண்டு ராமேஸ்வரம், அரிச்சல்முனை போய் வந்தால் கொஞ்சம் மீறும், மீறிய கிலோமீட்டருக்குத் தனி ரேட். வெளியூர்க் கணக்கில் பேசிவிட்டால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று போட்டு, அதற்கு மேல் டிரைவர் பேட்டாவும் சேர்ப்பார்கள். நீங்கள் ஓடுவது 90, கொடுப்பது 250க்கு. அதனால் மதுரையிலிருந்து கார் பிடித்து வராதீர்கள். ராம்நாட்டிலோ ராமேஸ்வரத்திலோ பிடியுங்கள், உள்ளூர்க் கணக்கா வெளியூர்க் கணக்கா என்பதை வண்டியில் ஏறுவதற்கு முன்னால் பேசிவிடுங்கள்.

ஆல்டோவைத் தனியாக ஓட்டி வருவது எப்படி? உங்கள் மனைவிக்கு நன்றாகக் கார் ஓட்டத் தெரியும் என்று எழுதியிருக்கிறீர்கள். போக வர ஏறக்குறைய 1,150 கிலோமீட்டர், லிட்டருக்கு 18 கொடுத்தால் 64 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 6,400. இங்கே சுற்றுகிற 300 கிலோமீட்டருக்கு இன்னும் 1,700. சுங்கம் தனி. மூன்று நாள் வாடகையோடு ஒப்பிட்டால் இதுவும் ஏறக்குறைய அங்கேதான் வந்து நிற்கும், சில சமயம் மலிவாகக்கூட முடியும். பணத்தை மட்டும் பார்த்தால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் கேரவனே எல்லாரும் ஒரே கூரையின் கீழ் பேசிக்கொண்டு போகத்தானே? உங்கள் மனைவி மட்டும் இரண்டு நாள் உங்கள் பின்விளக்கைப் பார்த்தபடி தனியாக வர வேண்டும். அவர்களிடம் கேட்டீர்களா? ஆக்டிங் டிரைவர் போடலாம் என்றால் பன்னிரண்டு நாள் சம்பளம், சாப்பாடு, அவர் படுக்க இடம். ஆறு பேருக்கு அளவெடுத்துச் செய்த வண்டியில் ஏழாவது ஆளை எங்கே படுக்கவைப்பீர்கள்? அந்தக் கணக்கு கட்டவே கட்டாது.

நீங்களே ஓட்டும் வாடகைக் கார் வேண்டுமென்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது முறையாக டிரைவர் இல்லாமல் வாடகைக்கு விடும் வண்டி. 1989 ரென்ட் எ கேப் திட்டத்தின்படி வந்தது அது. டிரைவரோடு வருவது மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து, நாம் சொல்லும் டி போர்டு. வெள்ளைப் பிளேட், அதாவது ஓன் போர்டு வண்டியை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். என் சொந்தக்காரர் ஒருவர் அப்படி எடுத்து, உச்சிப்புளி பக்கம் ஒரு பைக்கோடு உரசிவிட்டார். பெரிய அடி இல்லை. ஆனால் சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டது தெரிந்ததும் இன்சூரன்ஸ் கையை விரித்துவிட்டது. வண்டிக்காரர் இவர் மேல் பாய, பைக் ஓட்டி வந்தவர் இரண்டு பேர் மேலும் பாய, ஆறு மாதம் ஸ்டேஷனும் சமரசமுமாக அலைந்தார். மிச்சம் பிடித்தது நாளைக்கு ஐந்நூறு ரூபாய்.

உங்களுக்கு நான் சொல்வது டி போர்டு, டிரைவரோடு. அப்பாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள், கோயில் வாசலில் இறக்கிவிட்டு வண்டியை எங்கேயாவது ஒதுக்கிக்கொள்ளத் தெரிந்த உள்ளூர்க்காரர் வேண்டும். பிள்ளைகளுக்காக ஒரு வேளை மட்டும் ராம்நாட்டிலிருந்து ரயிலில் ராமேஸ்வரம் போய்ப் பாருங்கள். புதுப் பாலத்தில் கடலுக்கு மேலேயே போகும், எந்தக் காரிலும் அது கிடைக்காது. மற்றபடி பால், இட்லி மாவு, மீன் எல்லாம் நீங்கள் தேடிப் போக வேண்டாம். டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் ஐஸ் பெட்டி கட்டிக்கொண்டு மீன்காரர் உங்களைத் தேடி வருவார். டெக்சாஸில் பதினைந்து மைல் ஓடிச் செய்கிற வேலை இங்கே ஒரு ஹாரன் சத்தத்தில் முடிந்துவிடும்.

கேரவனை நிறுத்த இரண்டே தங்கல் போதும். முதல் ஆறு நாள் ராம்நாட்டை ஒட்டி, அடுத்த ஆறு நாள் உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடையில். தென்னந்தோப்புக்காரரிடம் கேட்டு, வாடகை பேசி, தோப்புக்குள் நிறுத்துங்கள்; மரத்துக்கு நேர் கீழே மட்டும் வேண்டாம், தேங்காய்க்குக் கேரவன் என்று தெரியாது. குடிநீர் விலைக்கு வாங்க வேண்டியிருக்கும், கிணற்றுத் தண்ணீர் பல இடத்தில் உப்பு. கழிவு நீரைக் கடற்கரையில் திறந்துவிடாதீர்கள், தென்கடலில் பவளப்பாறையும் கடல்பசுவும் உள்ள தேசியப் பூங்கா இருக்கிறது. கிளம்புகிற அன்று வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் உப்புக் காற்றில் இறுகிவிட்டது என்று சென்னையில் போய் அழாதீர்கள்.

தை அமாவாசை அன்றும் அதற்கு முன்பின் ஒரு நாளும் ராமேஸ்வரம் பக்கம் வராதீர்கள். நீங்கள் வைத்திருப்பது கேரவனோ ஆல்டோவோ, அன்றைக்கு எல்லா வண்டிக்கும் ஒரே மரியாதைதான். மற்றபடி ராமேஸ்வரம் போகிற நாளுக்கு முந்தின இரவே கார் டிரைவரிடம் சொல்லிவிடுங்கள்: விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் தோப்பு வாசலில் வண்டி நிற்க வேண்டும். ஸ்படிக லிங்க தரிசனம் ஐந்து மணிக்கு. அதை முடித்துவிட்டு அக்னி தீர்த்தத்தில் முழுகி, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி வருவதற்குள் உடுப்பெல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். தரை வழுக்கும், அப்பாவை ஒருவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். டிக்கியில் ஆறு துண்டும் சீட்டில் விரிக்க ஒரு தார்ப்பாயும் மறக்காமல் எடுத்து வையுங்கள். ஈர வேட்டியோடு சீட்டில் உட்கார்ந்தால் இங்கே எந்த டிரைவருக்கும் முகம் சுண்டிவிடும்.